ஸ்விட்ச்களை அடுக்கிய பிறகும் அலுவலகம் முடங்குவது ஏன்?

ஈதர்நெட் ஸ்விட்ச் என்பது அலுவலகத்தின் கணினி, கேமரா, வைஃபை கருவிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி. ஸ்டாக் என்பது இரண்டு மூன்று ஸ்விட்ச்கள் அதற்கென்றே உள்ள கேபிளால் இணைந்து ஒரே ஸ்விட்சாக இயங்கும் ஏற்பாடு. எல்லாவற்றுக்கும் ஒரே ஐ.பி. முகவரிதான். ஒன்று மாஸ்டராக இருக்கும். அது செயலிழந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும். இதை நம்பி மற்றதையெல்லாம் ஒரே இடத்தில் குவித்துவிடுகிறார்கள். மழையும் மின்வெட்டும் அதிகமான நீலகிரியில் இந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலை பெரிது.

முதலில் கவனிக்க வேண்டியது ஸ்டாக் கேபிள். ஒன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து மூன்றுக்கும் கேபிள் போட்டதும் எல்லாம் வேலை செய்யும். அதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். மூன்றிலிருந்து ஒன்றுக்குத் திரும்பி வரும் கேபிளும் இருந்தால்தான் அது வளையம். அது இல்லாதபோது நடு ஸ்விட்ச் நின்றால் முதலாவதும் மூன்றாவதும் துண்டாகி, இரண்டுமே தம்மை மாஸ்டர் என்று கருதிக்கொண்டு ஒரே முகவரியில் பேசத் தொடங்கலாம். ஒரு ஸ்விட்ச் பழுதாவதைவிட இந்தக் குழப்பத்தைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். திரும்பும் கேபிள் நீளமாக இருக்க வேண்டும் என்பதால் ஆர்டர் கொடுக்கும்போதே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

அடுத்தது அப்லிங்க். ரூட்டருக்குப் போகும் இரண்டு கேபிள்களையும் முதல் ஸ்விட்சிலேயே செருகிவிட்டால் அது போகும்போது இரண்டும் போய்விடும். ஒன்றை முதல் ஸ்விட்சிலும் மற்றொன்றை மூன்றாவதிலும் செருகி, பல கேபிள்களை ஒன்றாகச் சேர்க்கும் எல்.ஏ.சி.பி. என்ற நெறிமுறை மூலம் ஒரே இணைப்பாகக் கட்டுங்கள். சர்வருக்கும் இதே விதிதான். வைஃபை கருவிகளை மாடி வாரியாக ஒரு ஸ்விட்சுக்கு ஒதுக்குவது பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அந்த ஸ்விட்ச் நின்றால் மாடி முழுவதும் வைஃபை இருக்காது. அடுத்தடுத்த கருவிகளை வெவ்வேறு ஸ்விட்ச்களில் மாற்றி மாற்றிச் செருகினால் சிக்னல் குறைந்தாலும் வேலை நிற்காது.

மின்சாரத்துக்கு வருவோம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி பக்கமும் மரம் விழுந்து மின்கம்பி அறுவது புதிதல்ல. மூன்று ஸ்விட்ச்களும் ஒரே யு.பி.எஸ்.ஸில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இருந்தால் மூன்று வாங்கியதன் பயன் அங்கேயே முடிந்தது. இரண்டு பவர் சப்ளை உள்ள மாடலானால் ஒவ்வொன்றையும் வெவ்வேறு யு.பி.எஸ்.ஸில் கொடுங்கள். கேமராக்களுக்குப் போர்ட் வழியாகப் போகும் மின்சாரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் முறைக்கான பழைய பி.ஓ.இ. தரப்படி ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம். 24 போர்ட் என்றால் சுமார் 370 வாட். ஸ்விட்ச் தனக்கு எடுத்துக்கொள்வதை மட்டும் பார்த்து யு.பி.எஸ். வாங்கினால் பேட்டரி எதிர்பார்த்ததைவிட மிக விரைவில் தீரும்.

ஸ்விட்ச்களை அடுக்கியிருக்கும் ரேக்குக்கு வெளியேயும் ஒரு தவறு இருக்கிறது. இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருப்பார்கள். இரண்டு ஃபைபரும் பர்லியாறு வழியாக ஒரே மலைச்சாலை ஓரமாகவே ஏறி வந்திருக்கும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகள் சாலைகளை எப்படித் துண்டித்தன என்பதை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. ஃபைபர் எந்த வழியாக வருகிறது என்று கேட்டு, ஒன்று கோத்தகிரிச் சாலை வழியாகவோ வயர்லெஸ்ஸாகவோ இருக்குமாறு பாருங்கள். சாலை அடைபட்டால் கோவையிலிருந்து மாற்று ஸ்விட்சும் வராது. அதே மாடலில் ஒன்றை மலையிலேயே வைத்திருப்பது செலவல்ல, அவசியம். அதை ஸ்டாக்கில் சேர்க்கும்போது, ஸ்டாக்கில் உள்ள ஃபர்ம்வேர் (ஸ்விட்சை இயக்கும் உள்மென்பொருள்) பதிப்பையே அதிலும் ஏற்றி, பழைய அமைப்புகளை அழித்துவிட்டு, மின்சாரம் கொடுக்காத நிலையில் ஸ்டாக் கேபிளைச் செருகுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்சை அப்படியே இணைத்தால் மாஸ்டர் தேர்வு மறுபடி நடந்து, ஸ்விட்ச்கள் ரீபூட் ஆகலாம்.

ஃபர்ம்வேர் புதுப்பிக்கும்போதும் பல மாடல்களில் ஸ்டாக் முழுவதும் ஒன்றாக ரீபூட் ஆகும். தேயிலை அலுவலகமானால் மின்னணு ஏலம் நடக்கும் நாளில் அதைத் தொடவே வேண்டாம்.

இருபது பேர் உள்ள சிறிய அலுவலகத்துக்கு ஸ்டாக்கே தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு நல்ல ஸ்விட்சும், அதே அமைப்புகள் ஏற்றிய மாற்று ஒன்றும் போதும்.

ஸ்டாக் வைத்தவர்கள் ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். முதலில் ஒரு ஸ்டாக் கேபிளைக் கழற்றுங்கள். அதை மீண்டும் செருகி வளையம் முழுமையானதும் மாஸ்டரின் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் பிங் (ஒரு கருவி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) எத்தனை வினாடி நின்றது, எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். திரும்பி வராத கருவியின் கேபிள் எந்த ஸ்விட்சில் இருக்கிறது என்பதிலிருந்து திருத்தத்தைத் தொடங்கலாம்.