இங்கிலாந்தில் படம் எடுக்க: ஒரே இடம், வேறு நாள்

ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதலில் லண்டனுக்குப் போய் பிக் பென்னையும் சிவப்பு டெலிபோன் பெட்டியையும் எடுத்து முடித்துவிடுகிறார்கள். எடுக்கட்டும், தப்பில்லை. அதற்கப்புறம் "எப்போது பார்த்தாலும் மழை, இதில் என்னத்தை எடுக்க" என்று கேமராவை அலமாரியில் வைத்துவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுப்பதில்லை. நான் திருநெல்வேலிப் பக்கம். இப்போது ஷெஃபீல்டில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து வீட்டுக்கு நடக்கிற வழியில் எடுத்த படங்கள்தான் என்னிடம் அதிகம். இந்த நாட்டில் இடம் மாறவே வேண்டாம், நாள் மாறினால் போதும்.

காரணம் வெளிச்சம். எங்கள் ஊரில் தை மாதமானாலும் ஆடி மாதமானாலும் விடிகிற நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஷெஃபீல்டில் டிசம்பர் கடைசியில் காலை 8 மணிக்கு மேல்தான் சூரியன் எட்டிப் பார்க்கும், மாலை 4 மணிக்குள் மறைந்துவிடும். ஜூனில் காலை 5 மணிக்கு முன்பே வந்துவிடும், இரவு 9.30 தாண்டித்தான் போகும். குளிர்காலத்தில் நடுமதியத்தில்கூடச் சூரியன் மேலே ஏறாது. நம் ஊரில் காலை 7 மணிக்கு விழுகிற நீள நிழல் இங்கே 12 மணிக்கு விழும். எனவே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் அடிக்கிற நாளில் எந்த நேரமும் நல்ல நேரம்தான். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி கிடைத்தாலும் வெளியே போங்கள். கோடையில் இதற்கு நேர்மாறு. பகலில் தூங்கிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் கிளம்பினால் போதும். சூரியன் மறைந்தபின் வருகிற நீல வெளிச்சம் நம் ஊரில் சட்டென்று போய்விடும். இங்கே ஜூனில் முக்கால் மணி நேரம் நிற்கும். தெருவிளக்கு எரிய, வீட்டு ஜன்னல்கள் மஞ்சளாக, வானம் இன்னும் கறுக்காமல் இருக்கிற அந்த நேரத்தை விடாதீர்கள்.

சரி, மேகமூட்டம்? வருடத்தில் பாதி நாள் அதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய வானம் படத்தில் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் வரும், ஆகையால் வானத்தைப் படத்துக்குள் விடாதீர்கள். கேமராவைச் சற்றுக் கீழே சாயுங்கள். தரை, சுவர், குடை, ஈரமான கல்பாவிய சந்து எல்லாம் மேகத்தில்தான் நிறத்தோடு வரும். பட்டுப்புடவையின் அரக்கு நிறம் வெயிலில் வெளிறிப்போகும், மேகத்தில் அப்படியே நிற்கும். மழை விட்ட அடுத்த பத்து நிமிடம் தங்கம். பஸ்ஸின் சிவப்பு விளக்கு ரோட்டில் நீளமாக ஓடும்.

நம் முகங்களை எடுக்கும்போது ஒரு விஷயம். பின்னால் வெள்ளை வானம் இருந்தால் கேமரா அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு நம்மை இன்னும் கறுப்பாக்கிவிடும். போனில் முகத்தின்மேல் விரலை வைத்துத் தொடுங்கள், வானம் வெளுத்தால் வெளுக்கட்டும். பனி பெய்த நாளிலும் இதே கதைதான்: கேமரா பனியைச் சாம்பல் நிறமாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி கூட்டினால் பனி வெள்ளையாகும்.

இப்போது ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் அடிக்கடி கடக்கிற இடமாக இருக்க வேண்டும். என்னுடையது எண்ட்கிளிஃப் பூங்காவில் போர்ட்டர் ஓடையைத் தாண்டப் போட்டிருக்கிற மிதிகற்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே லென்ஸில், ஒரே உயரத்தில் எடுக்கிறேன். போன் என்றால் ஜூம் தொடாதீர்கள், இல்லாவிட்டால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. பிப்ரவரியில் கரையில் வெள்ளைப் பனித்துளிப் பூக்கள், மார்ச்சில் டாஃபடில், ஏப்ரலில் இலை துளிர்ப்பு, ஜூலையில் கல்மேல் குதிக்கிற பிள்ளைகள், அக்டோபர் கடைசியில் ஓடையை மூடுகிற இலைகள். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே இடம் என்று யாரும் நம்புவதில்லை. நீலமணிப் பூக்களுக்கு மட்டும் நான் எக்கிள்சால் காட்டுக்குப் போவேன். ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுவரைதான் இருக்கும். பாதையை விட்டு இறங்கி மிதிக்காதீர்கள், மிதிபட்ட செடி மீண்டுவர வருடக்கணக்காகும். உட்கார்ந்து பூவின் உயரத்துக்கே கேமராவைக் கொண்டுபோனால், பத்துப் பூ இருந்தாலும் கடல் மாதிரி தெரியும்.

வீட்டுக்குள் எடுப்பதை எல்லோரும் மறந்துவிடுகிறோம். 1835 ஆகஸ்டில் வில்ட்ஷயரின் லேகாக்கில் புகைப்படக்கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் எடுத்த நெகட்டிவ்தான் இன்றுவரை மிஞ்சியிருப்பதில் மிகப் பழையது. அவர் எடுத்தது தன் சொந்த வீட்டு ஜன்னலை! நமக்கென்ன குறை? குளிரில் மாவு புளிக்காது என்று ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இட்லி மாவு வைக்கிறோமே, அந்த ஓவன் வெளிச்சம் ஒரு படம். ரேடியேட்டர்மேல் காய்கிற சின்னச் சட்டைகள், பொங்கல் அன்று ஆவி படிந்த சமையலறை ஜன்னல், குப்பை எடுக்கிற நாளுக்கு முந்தின ராத்திரி வாசலில் வரிசை கட்டி நிற்கிற சக்கரத் தொட்டிகள். இதெல்லாம் வந்த புதிதில்தான் விசித்திரமாகக் கண்ணில் படும். பழகிவிட்டால் தெரியாது, ஆகையால் புதிதாக வந்தவர்கள் முதல் வருடத்திலேயே எடுத்துவிடுங்கள். வீட்டில் பிளாஷ் வேண்டாம். மேல் விளக்கை அணைத்துவிட்டு ஆளை ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்தாலே போதும்.

தெருவில் ஏதாவது தொடராக எடுக்க ஆசையிருந்தால் தபால் பெட்டிகள் நல்ல விளையாட்டு. ஏறக்குறைய ஒவ்வொரு பெட்டியிலும் அது செய்யப்பட்ட காலத்தில் ஆண்ட அரசர் அல்லது அரசியின் பெயரெழுத்து இருக்கும்: விக்டோரியா, ஜார்ஜ், எலிசபெத், இப்போது மூன்றாம் சார்லஸ். எட்டாம் எட்வர்ட் 1936இல் ஒரு வருடம்கூட ஆளாமல் முடி துறந்ததால் அவருடைய எழுத்துள்ள பெட்டி அபூர்வம். எனக்கு இன்னும் சிக்கவில்லை.

ஆட்களை எடுப்பது பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். பொது ரோட்டில், பூங்காவில் நின்று சொந்தத்துக்குப் படம் எடுக்க அனுமதி தேவையில்லை. பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கிற சிலைகளையும் கட்டடங்களையும் எடுக்கலாம் என்று 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. கடை, மால், நீச்சல்குளம், ரயில் நிலையம் இவற்றில் இடத்துக்காரர் சொல்வதுதான் சட்டம். பிளாஷும் டிரைபாடும் பெரும்பாலும் ஆகாது. நான் வார்டில் போனை எடுப்பதே இல்லை, அங்கே இருப்பவர்கள் நோயாளிகள். சட்டம் ஒரு பக்கம், மரியாதை ஒரு பக்கம். மற்றவர் பிள்ளை படத்தில் வந்தால் பெற்றவரைக் கேட்டுவிடுங்கள். மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவரைக் கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார், ஆனால் கேமராவுக்காக விறைத்துக்கொள்வார். முதலில் மீன் வாங்குங்கள், பேச்சுக் கொடுங்கள், அவர் திரும்ப வேலையில் இறங்கினதும் எடுங்கள். ஆகஸ்டில் வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போனால் தேரை மட்டும் எடுக்காதீர்கள். செங்கல் வீடுகளின் வரிசைக்கு நடுவே தேர் வருகிறது, அந்த வீடுகளும் படத்தில் இருக்கட்டும்.

பயணத்துக்கு ரயிலைவிட நல்ல வண்டி இல்லை, எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரிந்திருந்தால். லண்டனிலிருந்து பென்சான்ஸ் போகிறீர்களா, இடது பக்கம்: எக்ஸெட்டர் தாண்டி டாலிஷ் வந்ததும் தண்டவாளம் கடலை ஒட்டி ஓடும். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து வடக்கே போகும்போது வலது பக்கம்: டரம் தேவாலயமும் பெரிக் கடற்கரையும் அந்தப் பக்கம்தான். கண்ணாடியில் நம் முகமே தெரியும் என்பதால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி, சுற்றிலும் கறுப்புத் துப்பட்டாவைப் பிடியுங்கள். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள், பக்கத்துச் செடிகளை விட்டுத் தூரத்தைக் குறிவையுங்கள். ஷெஃபீல்டிலிருந்து ஈடேல் என்கிற மலைக்கிராமத்துக்கு ரயிலில் அரை மணிப் பயணம். டோட்லி சுரங்கத்தில் நுழையும்போது ஒரு வானிலை, வெளியே வரும்போது வேறு வானிலை. இலையுதிர்காலத்தில், முந்தின நாள் மழையும் இரவில் தெளிந்த வானமும் காற்றில்லாமலும் இருந்தால், விடிகாலையில் பக்கத்து மாம் டோர் மலை உச்சியிலிருந்து பார்க்கும்போது பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி கிடக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு எச்சரிக்கைகள். தென் கடற்கரையில் இருக்கிற செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளின் விளிம்பு சுண்ணாம்பு, சொல்லாமல் கொள்ளாமல் இடிந்து விழும். செல்ஃபிக்காக ஓரத்துக்குப் போகவே போகாதீர்கள். பக்கத்துச் சீஃபோர்ட் ஹெட் முனையிலிருந்து எடுத்தால்தான் பாறைகள் முழுதாகவும் வரும். அப்புறம், வடகிழக்குக் கடற்கரையில் இருக்கிற லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகிற பாதை தினமும் இரண்டு முறை கடலில் மூழ்கும். கடக்கிற நேர அட்டவணையைப் பார்க்காமல் காரை இறக்காதீர்கள்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஒன்றைக் கோட்டின் உள்பையில் சூடாக வைத்திருங்கள். வெளியே சுற்றிவிட்டு வந்ததும் கேமராவைச் சூடான அறையில் திறக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். பையோடு ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் கடிகாரம் மாறும். போன் தானே மாறிக்கொள்ளும், கேமரா பெரும்பாலும் மாறாது. ஊருக்குப் போய் வந்தாலும் நேரத்தைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் படங்கள் வரிசை தப்பிவிடும். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. எங்கள் அம்மாவுக்கு மட்டும் அது திறக்க வராது என்பதால் சாதாரணப் படமாகவே அனுப்புகிறேன். "எங்கே தாயி, படத்தில் நீயே இல்லையே" என்றுதான் பதில் வரும்.