கண்ணாடியில் ஒட்டிய நீர்வர்ணம்

பகலில் அலுவலகம். பின்னேரத்தில் வெள்ளவத்தை வீட்டு விறாந்தையில் ஓவியர்களின் படங்களுக்குப் பிரேம் போடுகிறேன். 1993இல் தொடங்கிய கலா பொல என்ற கொழும்பு ஓவியச் சந்தை நெருங்கினால் கை ஓயாது.

ஒருமுறை ஒரு தங்கச்சி நான் பிரேம் போட்ட படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தா. "அண்ணா, பூஞ்சணம் பிடிச்சிட்டுது." வானத்து நீலத்தில் மிளகளவு மண்ணிறப் புள்ளிகள். ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டியே போயிருந்தது. நெஞ்சு பதறிவிட்டது; அது அவவின் மூன்று மாத உழைப்பு.

பிழை என்னுடையதுதான். செலவை மிச்சம் பிடிக்கக் கண்ணாடியைக் கடதாசியின் மேல் நேரே வைத்திருந்தேன். கடற்கரையோர ஈரக்காற்று உள்ளே வியர்த்து, வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டது.

இப்போது அமிலமற்ற மவுண்ட் போர்டில், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டையில், சாளரம் வெட்டி வைக்கிறேன். அதன் தடிப்பு கண்ணாடியைப் படத்தில் படவிடாது. மழை நாளில் எந்தப் பிரேமையும் மூடுவதில்லை. படம் ஏசி அறையில் ஒருநாள் கிடந்த பிறகே பின்பக்கம் நாடா ஒட்டுவேன். பின்மூலைகளில் சின்னத் தக்கைத் துண்டுகள் ஒட்டினால், சுவருக்கும் பிரேமுக்கும் இடையில் காற்று ஓடும்.

செலவு கூடியது, விலையையும் கூட்டினேன். காரணத்தைச் சொன்னதும் ஓவியர்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்தத் தங்கச்சியின் படங்களுக்கு மட்டும் அந்த வருடம் காசு வாங்கவில்லை.