பேக்கனை எண்ணெயில் பொரித்தெடுத்தல்: முதன்முறை செய்வோருக்கான செய்முறை

கம்பத்தில் குடியிருக்கும் எங்களுக்குப் பேக்கன் என்னும் உப்பிட்ட பன்றியிறைச்சி வார்கள் வேண்டுமென்றால், லோயர் கேம்ப் தாண்டி மலையேறிக் குமுளிக்குப் போவதுதான் வழக்கம். தேக்கடிக்கு வரும் வெளியூர்ப் பயணிகளுக்காக விடுதிகள் வாங்குவதால், அங்குள்ள குளிர்பதனக் கடைகளில் அது கிடைத்துவிடுகிறது. கேரளத்தில் பன்றியிறைச்சி வீட்டுச் சமையலில் இயல்பாகப் புழங்கும் பொருள்; அரசு நிறுவனம் ஒன்றே கூத்தாட்டுகுளத்தில் பன்றியிறைச்சிப் பண்டங்களைத் தயாரித்து விற்கிறது. மலைக்குக் கீழே இருக்கும் நம்மில் பலருக்கு இது புதியது. வாங்கி வந்த பிறகு, "இதையும் வடை, பஜ்ஜி போல எண்ணெயில் போட்டு எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் பஜ்ஜிக்குத் தேவைப்படாத சில முன்னேற்பாடுகள் இதற்கு உண்டு. அவற்றைச் செய்யாமல் அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியை உப்பு, சிறிது சர்க்கரை, சோடியம் நைட்ரைட்டு ஆகியவற்றில் ஊறவைத்து, பெரும்பாலும் புகையூட்டி, மெல்லிய வார்களாக அரிந்ததே பேக்கன். உப்பிட்டது என்ற வகையில் அதைக் கருவாட்டுக்கு உறவு எனலாம். ஆனால் கருவாட்டைப் போல அது உலர்ந்ததன்று. கையில் எடுத்தால் ஈரமும் பிசுபிசுப்பும் தெரியும். புகையின் மணம் இருப்பதால் வெந்துவிட்டது என்று எண்ணிவிடவும் கூடாது. உறையில் "சமைத்து உண்ணவும்" என்றிருந்தால் அது பச்சை இறைச்சிதான். பன்றியிறைச்சி சரியாக வேகாவிட்டால் நாடாப்புழுத் தொற்றுக்கு இடமுண்டு. ஆகவே அரிந்த கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே வெங்காயத்துக்கோ தக்காளிக்கோ எடுக்க வேண்டும்.

எண்ணெயில் பொரிப்பதால் என்ன நன்மை என்றால், தோசைக்கல்லில் போடும்போது கறிப்பகுதி கொழுப்பைவிட வேகமாகச் சுருங்குவதால் வார் நெளிந்து மேலெழும்பி, கல்லில் படும் இடம் கருகுவதும் படாத இடம் வழவழவென்று நிற்பதுமாக ஆகிவிடுகிறது. எண்ணெயிலோ எல்லாப் பக்கமும் ஒரே சூடு படுவதால் முழு வாரும் ஒரே நிறத்தில் மொறுமொறுப்பாகிறது. இரண்டு பேருக்கு நான்கு வார் போதும் என்றால் தோசைக்கல்லே சிறந்தது. அதற்காகச் சட்டி நிறைய எண்ணெய் காய்ச்சுவது வீண். உறவினர் வந்து வீடு நிறைந்திருக்கும் நாளுக்குத்தான் இந்த முறை பொருந்தும்.

எண்ணெய்த் தேர்வில் பலர் தவறுகிறார்கள். எல்லைப் பக்கத்தில் இருப்பதால் நமக்கு முதலில் தேங்காய் எண்ணெய்தான் நினைவுக்கு வரும். செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 175 டிகிரி செல்சியசிலேயே புகையத் தொடங்கும். பேக்கன் பொரிவதற்கு வேண்டிய சூடும் 175 முதல் 185 டிகிரிதான். ஆகவே பொரியும் நேரமெல்லாம் எண்ணெய் புகைந்துகொண்டே இருக்கும். பண்டத்தில் கசப்பும் ஏறும். சுத்திகரித்த கடலை எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் 220 டிகிரிக்கு மேல்தான் புகையும் என்பதால் அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் பேக்கனுக்கு முக்கால் லிட்டர் போதும். அடி கனத்த, ஆழமான இரும்புச் சட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். பேக்கனின் கொழுப்பு உருகி எண்ணெயோடு கலப்பதால், ஒவ்வொரு ஈடு எடுக்கும்போதும் சட்டியில் மட்டம் சற்றே உயரும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, ஈரத்தைப் போக்குவது. முதன்முறை செய்தபோது, உறைபெட்டியிலிருந்து எடுத்த பேக்கனை, ஓரங்களில் வெண்மையாகப் பனி ஒட்டியிருந்த நிலையிலேயே காய்ந்த எண்ணெயில் இட்டுவிட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் எண்ணெய் நுரைத்துப் பொங்கிச் சட்டியின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அருகில் நின்ற என் அத்தை சட்டென்று அடுப்பை அணைத்ததால் தீப்பிடிக்கவில்லை. தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1700 மடங்கு விரிகிறது. ஒரு சொட்டு நீர்கூட எண்ணெய்க்குள் எவ்வளவு சீற்றம் கொள்ளும் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அதிலிருந்து, பொரிப்பதற்கு முந்தைய இரவே பேக்கனைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுகிறேன். காலையில் வார்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, சுத்தமான பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுக்கிறேன். விரலால் தொட்டால் பிசுக்கு இருக்கலாம், நீர் இருக்கக் கூடாது. உப்பைக் குறைப்பதற்காகச் சிலர் தண்ணீரில் ஊறவைப்பதுண்டு. எண்ணெயில் பொரிப்பதாக இருந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

சட்டிக்குப் பொருத்தமான மூடியை அடுப்பின் அருகிலேயே வையுங்கள். எண்ணெயில் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். எக்காரணம் கொண்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது. குழந்தைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள்.

இப்போது மிதமான தீயில் எண்ணெயைக் காயவையுங்கள். வெப்பமானி இருந்தால் 180 டிகிரி வரை போகட்டும். இல்லையென்றால் பேக்கனின் ஓரத்திலிருந்து சுண்டுவிரல் நகமளவு கொழுப்பைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள். உடனே சுற்றிலும் குமிழிகள் எழுந்து, அது நிறம் மாறாமல் மிதந்தால் பதம் சரி. போட்ட நொடியிலேயே பழுப்பானால் சூடு அதிகம். வாரின் ஒரு முனையைக் கிடுக்கியால் பிடித்து, மறுமுனை முதலில் எண்ணெயில் படுமாறு, உங்களிடமிருந்து அப்பால் சாய்த்து மெல்ல நழுவ விடுங்கள். ஒரு ஈட்டுக்கு நான்கு வார்கள், அதற்கு மேல் வேண்டாம். கூட்டிப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, வார்கள் பொரிவதற்குப் பதிலாக எண்ணெயைக் குடித்துக்கொண்டு கிடக்கும்.

இந்த இடத்தில் கடிகாரத்தைவிடக் காதை நம்புங்கள். போட்டவுடன் "சடசட"வென்று பெருஞ்சத்தம் எழும். குமிழிகள் பெரிதாக இருக்கும். அது ஈரம் வெளியேறும் சத்தம். ஒரு நிமிடம் போல ஆனதும் கொழுப்பின் வெண்மை மறைந்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவத் தொடங்கும். பிறகு சத்தம் தணிந்து "சிறுசிறு"வென்று ஆகும், குமிழிகளும் பொடியாகும், கொழுப்பு பொன்னிறம் கொள்ளும். அப்போதே எடுத்துவிட வேண்டும். மெல்லிய வார்களுக்கு இரண்டு நிமிடமும் தடித்தவற்றுக்கு மூன்று, நான்கு நிமிடமும் ஆகலாம். சட்டியில் இருக்கும்போது வளைந்து கொடுப்பதைப் பார்த்து, இன்னும் பொரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அப்பளம் எண்ணெயிலேயே மொறுமொறுத்துவிடும். பேக்கன் வெளியே வந்து ஆறிய பிறகுதான் விறைக்கும். அதில் சர்க்கரையும் இருப்பதால் பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே அரை நிமிடம்கூட இல்லை. கருகினால் கசப்பதோடு, நைட்ரைட்டு கலந்த இறைச்சி கடுஞ்சூட்டில் நைட்ரோசமைன் என்னும் தீய சேர்மங்களையும் உண்டாக்கக்கூடும். பதப்படுத்திய இறைச்சியை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. அதனால் எங்கள் வீட்டில் இது மாதம் ஒருமுறைக்கு மேல் இல்லை.

எடுத்த வார்களைக் கம்பி வலைத் தட்டிலோ பெரிய கண் சல்லடையிலோ பரப்பி ஆறவிடுங்கள். தாளின் மேல் குவித்தால் அடியில் இருப்பவை ஆவியில் நமத்துப்போகும். 200 கிராம் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடைதான் கைக்கு வரும். எல்லாம் நீராகவும் கொழுப்பாகவும் போய்விட்டதே தவிர, ஏமாற்றம் ஏதுமில்லை.

மாவில் தோய்த்துப் பொரிப்பதும் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஸ்னூக் என்னும் சிற்றூர் அதற்குப் பேர்போனது. முட்டையும் பாலும் அடித்த கலவையில் வாரைத் தோய்த்து, மிளகுத்தூள் கலந்த மைதாவில் புரட்டிப் பொரித்து, வெண்ணிறக் குழம்போடு பரிமாறுவார்கள். மைதாவோடு இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்தால் நம் வாய்க்கு இன்னும் இதமான மொறுமொறுப்பு வரும். மாவில் உப்புச் சேர்க்க வேண்டாம். மாவுப் போர்வைக்குள் கொழுப்பு எளிதில் உருகி வெளியேறாது என்பதால், மெல்லிய வார்களை மட்டுமே இதற்கு எடுங்கள்.

பரிமாற எனக்குப் பிடித்தது, அவித்த மரவள்ளிக்கிழங்கு. கிழங்கை உப்பில்லாமல் வேகவைத்து, சூட்டோடு உடைத்து, அதன் மேல் பேக்கனை நொறுக்கித் தூவி, காந்தாரி மிளகாயும் சின்ன வெங்காயமும் தட்டிய துவையலோடு வையுங்கள். பேக்கனின் உப்பே கிழங்குக்கும் போதும்.

மீந்த எண்ணெயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது. எங்கள் பகுதியில் ராவுத்தர் குடும்பங்களோடு நெருங்கிப் பழகுகிறோம். பன்றியிறைச்சி உண்ணாத உறவினரும் வீட்டுக்கு வருகிறார்கள். அவர்களுக்குப் பரிமாறும் எதிலும் அந்த எண்ணெய் ஒரு துளிகூடச் சேர்ந்துவிடக் கூடாது. ஆகவே ஆறியதும் வடிகட்டி, "பேக்கன் எண்ணெய்" என்று எழுதி ஒட்டிய தனிச் சீசாவில் ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறேன். சட்டியும் கிடுக்கியும்கூட இதற்கென்றே தனியாக இருக்கின்றன. உப்பும் சர்க்கரைத் துணுக்குகளும் சேர்ந்த எண்ணெய் விரைவில் கெடும் என்பதால், இன்னும் ஒருமுறை பேக்கனுக்கே பயன்படுத்திவிட்டு அப்புறப்படுத்துகிறேன். கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் கொழுப்பு உறைந்து அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளில் ஊறவிட்டுக் குப்பையோடு சேர்த்துவிடுங்கள்.