சிக்னலை எப்போது போடவேண்டும்: ஏ9 இலும் வன்னி ஒழுங்கைகளிலும் ஓடுகிறவர்களுக்கு

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பின்னேரம் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால், அதாவது கண்டி - யாழ்ப்பாணம் வீதியால், வானை ஓட்டிக்கொண்டு வந்தேன். முறிகண்டி தாண்டியாயிற்று, வீடு கிட்டிவிட்டது என்ற நினைப்பில், எங்கள் ஒழுங்கை வாசலில் வலது சிக்னலைத் தட்டிய கையோடு ஸ்டியரிங்கையும் திருப்பிவிட்டேன். பின்னால் முந்திக்கொண்டு வந்த ஒரு மோட்டார் சைக்கிள் ஏற்கனவே என் வலது கதவுக்குப் பக்கத்தில் நின்றது. அந்தப் பொடியன் சைக்கிளை அப்படியே வலது கரைக் கிரவலுக்குள் இறக்கி, விழாமல், காலை ஊன்றி நிறுத்தினான். கோபப்படவில்லை. "அண்ணை, சிக்னல் போட்டனீங்கள்தான், ஆனா நான் அதைக் காணேக்க உங்கட ரயர் திரும்பிட்டுது" என்றான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. சிக்னல் போடாதவர்களைப் பற்றி நாங்கள் எல்லோரும் பேசுகிறோம். ஆனால் போட்டும் பிரயோசனம் இல்லாத நேரத்தில் போடுகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதைவிடக் கூட, நானும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன். சிக்னல் "திரும்பப்போகிறேன்" என்று சொல்வதற்கு. "திரும்புகிறேன்" என்று சொல்ல வண்டியே போதும், அதற்கு லைட் தேவையில்லை.

சரி, எவ்வளவு முன்னால் போடுவது? 70 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிற வாகனம் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேலே போய்விடும். சிக்னல் லைட் நிமிடத்துக்கு 60 தொடக்கம் 120 தரம் மினுங்கும், அதாவது செக்கனுக்கு ஒன்று அல்லது இரண்டு தரம். பின்னால் வருகிறவர் அதைக் காணவேண்டும், விளங்கிக்கொள்ளவேண்டும், ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுக்கவேண்டும். மாங்குளம், கனகராயன்குளம் பக்கம் மாதிரி வெட்டையான நேர் வீதியில் குறைந்தது ஐந்து செக்கன், ஏறக்குறைய 100 மீற்றர் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். கிளிநொச்சி டவுனுக்குள் 50 இல் ஓடும்போது மூன்று நான்கு செக்கன், 40 - 50 மீற்றர் காணும். மீற்றர் கணக்கு மனதில் நிற்காவிட்டால் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்துவரை ஆறுதலாக எண்ணுங்கள். எண்ணி முடிக்கும்வரை ஸ்டியரிங்கைத் திருப்பக்கூடாது.

வலது பக்கம் திரும்புவதுதான் எங்களுக்கு ஆபத்தானது. நாங்கள் இடது பக்கம் ஓடுகிறோம், அதனால் வலது திரும்பும்போது எதிரே வருகிறவர்களையும் குறுக்கே கடக்கவேண்டும், பின்னால் இருந்து முந்துகிறவர்களுக்கும் குறுக்கே போகவேண்டும். ஏ9 இல் முந்துகிற வாகனம் எந்த நேரமும் ஒன்று இருக்கும், யாழ்ப்பாணத்துக்கு விடியமுதல் போய்ச் சேரவேண்டிய அவசரத்தில் வருகிற பஸ் வேறு. ஆகவே ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: முதலில் கண்ணாடியைப் பாருங்கள், பிறகு சிக்னல், அதற்குப் பிறகுதான் பிரேக். பலபேர் பிரேக்கை அழுத்திவிட்டுச் சிக்னல் போடுகிறார்கள், பின்னால் வருகிறவர் "ஏனோ மெதுவாகிறான்" என்று நினைத்து முந்த வெளிக்கிட்டுவிடுவார், சரியாக நீங்கள் திரும்பப்போகிற பக்கத்தால். சிக்னல் போட்டபின் நடுக்கோட்டை ஒட்டி வாருங்கள். எதிரே வாகனம் வந்தால் நில்லுங்கள், ஆனால் நிற்கும்போது முன் ரயர் நேராக இருக்கவேண்டும். ரயரை வலது பக்கம் மடித்து வைத்துக்கொண்டு நின்றால், பின்னால் யாராவது வந்து இடித்தால் வண்டி நேரே எதிர்ப்பக்க லொறிக்குள்தான் போகும். கடைசியாக, திருப்புவதற்கு முன் வலது தோளுக்கு மேலால் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். அந்தப் பொடியன் என் கண்ணாடியில் இல்லை, தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தான்.

பின்னால் ஒருவர் மிக வேகமாக, மிகக் கிட்ட வந்துவிட்டார் என்றால் பிடிவாதம் பிடிக்கவேண்டாம். சிக்னலை நிறுத்தி, நேரே போய், இடது கரையில் ஒதுக்கி, வீதி வெறுமையானதும் திரும்பி வாருங்கள். இரண்டு நிமிடம்தான் போகும். சிக்னல் போட்டால் வழி எங்களுக்குச் சொந்தமாகிவிடாது, மற்றவர் விட்டால்தான் வழி.

நேரத்தோடு போடச் சொன்னேன் என்பதற்காக அரைக் கிலோமீற்றருக்கு முன்னாலேயும் போடக்கூடாது. உங்கள் ஒழுங்கைக்கு முன்னால் இன்னொரு ஒழுங்கை இருந்தால் அதைக் கடந்த பிறகு போடுங்கள். கிளிநொச்சியில் டிப்போச் சந்தி, கரடிப்போக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன வீதிகள் அடுத்தடுத்து வரும். முதல் வீதி வாசலில் ஓட்டோவோடு காத்து நிற்பவர் உங்கள் சிக்னலைப் பார்த்து "இதற்குள்தான் திரும்புகிறார்" என்று நம்பி வெளியே எடுத்துவிடுவார், நீங்களோ அடுத்த வீதிக்கு நேரே வந்துகொண்டிருப்பீர்கள். இப்படி இடம் கிட்டக் கிட்ட இருந்தால் மட்டும் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், அப்போது மூன்று செக்கன் சிக்னலே போதுமாகிவிடும்.

சந்தியில் நேரே போவதற்குச் சிலர் நாலு லைட்டையும் ஒன்றாக மினுங்க விடுகிறார்கள், ஹசார்ட் லைட் என்பது இதுதான். பரந்தன் சந்தியில் இதை அடிக்கடி காணலாம், கிளிநொச்சிப் பக்கமிருந்து வருகிறவருக்கு வலது முல்லைத்தீவு வீதி, இடது பூநகரி வீதி, நேரே போனால் ஆனையிறவு. நேரே போகிறவருக்கு ஒரு சிக்னலும் தேவையில்லை. ஹசார்ட் போட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: பூநகரி வீதியில் நிற்பவருக்குச் சந்தியில் நிற்கிற இன்னொரு வாகனம் உங்கள் வலது லைட்டை மறைத்துவிட்டால், இடது லைட் மட்டும் தெரியும். அவர் நீங்கள் தன் பக்கம் திரும்புவதாகவே எடுத்துக்கொள்வார். ஹசார்ட் லைட் நிற்கிற வாகனத்துக்கு, அல்லது திடீரென்று நிற்கவேண்டி வந்த வாகனத்துக்கு. இரவில் மாடுகள் தார்வீதியின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும், காட்டுப் பக்கத்தில் யானை நிற்கும், அப்போது வேகத்தைக் குறைத்து நிற்கும்போது கட்டாயம் போடுங்கள். மாரி மழையில் ஓடிக்கொண்டே போடுவது பிழை. மழைக்குள் நீங்கள் தெரிய ஹெட்லைட் போதும், ஹசார்ட் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று ஒருவருக்கும் விளங்காது.

மோட்டார் சைக்கிள்காரருக்கு ஒரு தனிக் கதை. காரில், வானில் ஸ்டியரிங் நேரானதும் சிக்னல் தானாக விழுந்துவிடும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் விழாது, பெருவிரலால் பொத்தானை அழுத்தி நீங்கள்தான் நிறுத்தவேண்டும். வெயிலில் டாஷ்போர்ட் லைட் தெரியாது, ஹெல்மெட்டுக்குள் டிக்டிக் சத்தமும் கேட்காது. இடது சிக்னல் மினுங்க மினுங்க மூன்று கிலோமீற்றர் போகிற ஆட்களுக்குப் பின்னால் நான் போயிருக்கிறேன், ஒவ்வொரு ஒழுங்கை வாசலிலும் யாராவது அதை நம்பி வெளியே வந்துவிடுவாரோ என்று நெஞ்சு பதறும். திரும்பி முடிந்த உடனே பெருவிரல் பொத்தானுக்குப் போகவேண்டும், அது கைப்பழக்கமாக வரும்வரை பழகுங்கள். ஒழுங்கை வாசலில் காத்து நிற்பவரும் சிக்னலை மட்டும் நம்பவேண்டாம், வேகம் குறைகிறதா, முன்சில்லு திரும்புகிறதா என்று பார்த்தபிறகு எடுங்கள்.

அப்புறம் முந்துவது. முன்னால் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) வைக்கோலைக் குவித்துக்கொண்டு போகிறது என்று வையுங்கள். கண்ணாடி பார்த்து வலது சிக்னல், இரண்டு மூன்று தரம் மினுங்கிய பிறகு வெளியே எடுங்கள், கடந்ததும் இடது சிக்னல் போட்டு உள்ளே வாருங்கள். முன்னால் முந்துகிற வாகனத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு சிக்னல் இல்லாமல் போகாதீர்கள், அவருடைய சிக்னல் அவருக்கு மட்டும்தான். அறுவடைக் காலத்தில் வீதிக் கரையில் நெல் காயப்போட்டிருப்பார்கள். அதைச் சுற்றி வலது பக்கம் விலத்தும்போதும் சிக்னல் வேண்டும், வழி கொஞ்சம்தானே மாறுகிறது என்று விட்டுவிடக்கூடாது.

லொறிக்காரர் சிலர் "முந்தாதே, எதிரே வாகனம் வருகிறது" என்று சொல்ல வலது சிக்னலும், "இப்போது போகலாம்" என்று சொல்ல இடது சிக்னலும் போடுவார்கள். உதவி செய்யத்தான் போடுகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே வலது சிக்னலுக்கு "நான் வலது பக்கம் திரும்புகிறேன்" என்றும் அர்த்தம் இருக்கிறது. ஆகவே முன்னால் வலது சிக்னல் கண்டால் முந்தாதீர்கள், இரண்டு அர்த்தத்துக்கும் அதுவே சரி. இடது சிக்னல் கண்டு முந்துவதென்றால் எதிரே உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு முந்துங்கள்.

இடது திரும்புவது லேசு என்று நினைக்கிறோம், ஆனால் இடது கரையால் சைக்கிளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். சிக்னலைப் போட்டு, இடது கண்ணாடியில் ஆள் இல்லையென்று கண்டபிறகு திருப்புங்கள். கரையில் நிறுத்தவும் இடது சிக்னல், கரையிலிருந்து வீதிக்கு ஏறவும் வலது சிக்னல். இந்த இரண்டாவதைத்தான் முறிகண்டியில் பலரும் மறக்கிறார்கள், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்து ஏறியதும் அப்படியே வீதிக்குள் இழுத்துவிடுகிறார்கள். சுற்றுவட்டத்தில் வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடவேண்டும். இடது திரும்ப நுழையமுன்பே இடது சிக்னல், வலது திரும்ப வலது சிக்னலோடு நுழைதல், நேரே போக நுழையும்போது ஒன்றும் வேண்டாம். எங்கே போவதானாலும் வெளியேறவேண்டிய வீதிக்கு முந்திய வீதியைக் கடந்ததும் இடது சிக்னல்.

லைட் தெரிந்தால்தானே இவ்வளவும். கிரவல் வீதியால் ஓடி வந்தால் பின் லைட்டில் செம்மண் புழுதி ஒரு பூச்சாகப் பிடித்திருக்கும், ஈரத் துணியால் துடைத்துவிட்டுத் தார்வீதிக்கு ஏறுங்கள். டிக்டிக் சத்தம் வழமையைவிட வேகமாகக் கேட்டால் ஒரு பல்ப் போய்விட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மாற்றுங்கள். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம் பின்னேரம் ஓடினால் சூரியன் முதுகுக்குப் பின்னால் நின்று உங்கள் பின் லைட்டில் நேரே அடிக்கும், மினுங்குவதே தெரியாது. மறுவளம் மாங்குளத்துக்கு வந்தால் பின்னால் வருகிறவரின் கண்ணுக்குள் வெயில். இரண்டு நேரத்திலும் லைட்டோடு கையையும் வெளியே காட்டுங்கள்: வலது திரும்ப வலது கையை நேரே நீட்டுங்கள், மெதுவாக்க உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசையுங்கள்.

உழவு இயந்திரப் பெட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டியைக் கொழுவும்போது லைட் வயரையும் கொழுவுங்கள், வயர் அறுந்து கிடந்தால் கையால் காட்டுங்கள், பெட்டியின் பின்பக்க இரண்டு மூலையிலும் சிவப்பு ரிப்ளெக்டர் ஒட்டுங்கள். நெல் மூட்டை பின் லைட்டை மறைக்காமல் அடுக்குங்கள், அடுக்கியபிறகு ஒருவரைப் பின்னால் முப்பது நாற்பது அடி தள்ளி நிற்கவைத்து, இடதும் வலதும் போட்டுக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டுவிட்டு வெளிக்கிடுங்கள்.