பெரியவங்க ஞாபகத்தைக் கெடுக்காமல் கேட்டு எழுதுவது எப்படி

"ஒரு வயசுல காது குத்துனப்ப மாமன் மடியில உட்கார்ந்து அழுதேன், இன்னும் கண்ணுல நிக்குது" என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வயதில் நடந்தது பெரியவனான பிறகு நினைவில் நிற்பதில்லை. ஆல்பத்துப் போட்டோவும், விசேஷத்துக்கு விசேஷம் ஆத்தா சொன்ன கதையும் சேர்ந்து அவருடைய ஞாபகமாகிவிட்டன.

அதனால் போட்டோவை முதலில் எடுக்காதீர்கள். 2002-ல் உளவியல் ஆய்வாளர் கிம்பர்லி வேடும் அவர் குழுவினரும், பலூன் சவாரியே போகாத 20 பேரின் சிறுவயதுப் படங்களை வெப்பக்காற்று பலூன் போட்டோவுக்குள் ஒட்டிக் காட்டினார்கள். மூன்று பேட்டி முடிவதற்குள் பாதிப்பேருக்குக் கொஞ்சமாகவோ முழுசாகவோ பலூனில் ஏறிய ஞாபகம் வந்துவிட்டது. நடக்கவே வாய்ப்பில்லாத சங்கதியும் இப்படித்தான் ஒட்டும்: முதலில் 'இப்படியும் நடக்கும்' என்று தோன்றும், பிறகு 'எனக்கும் நடந்திருக்கும்', கடைசியில்தான் காட்சி. தை மாதம் பொள்ளாச்சியில் பலூன் பறப்பதைப் பார்க்கும் இந்தக் காலத்துப் பிள்ளை முதல் படியை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது.

ஆளாளுக்குத் தனியாகக் கேளுங்கள். அப்புச்சியையும் அமுச்சியையும் (அம்மா வழித் தாத்தா பாட்டியை) ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் வருவது ஒரே கதை, அதுவும் குரல் பெருத்தவரின் கதை. முதல் கேள்வி, "அன்னைக்கு என்னாச்சுங்க அப்புச்சி?" அவ்வளவுதான். "வால்பாறை ரோட்டுல யானை தொரத்துச்சுங்களாமா?" என்றால் யானையை ஓட்டி வந்தது நீங்கள். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும்வரை வாய் திறக்காதீர்கள். "ஞாபகமில்லீங்க" என்றால் அதையே எழுதிக்கொண்டு அடுத்ததுக்குப் போங்கள். "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று நச்சரிப்பதில்தான் முக்கால்வாசிக் கதை கெடுகிறது: திரும்பத் திரும்பக் கற்பனை செய்தது பழகிப்போய், பழகியதை மனசு நடந்ததாக எடுத்துக்கொள்ளும்.

அவர் சொல்லி முடித்த பிறகு ஒவ்வொரு சங்கதிக்கும், "இது கண்ணுல பார்த்ததுங்களா, யாராச்சும் சொல்லிக் கேட்டதுங்களா?" பதிலை ஓரத்தில் குறியுங்கள். சேலை நிறம், மழை வாசனை என்று நுணுக்கமாகச் சொல்வதோ, சொல்லும்போது கண் கலங்குவதோ சாட்சி ஆகாது. பொய் ஞாபகத்திலும் இதெல்லாம் வரும்.

சரிபார்க்க, ஆண்டு தெரிந்த பொருளைப் பிடியுங்கள். "1950-ல பவானிசாகர் அணை நெறஞ்சு வழிஞ்சதப் பார்த்தேன்" என்றால், அணை கட்டி முடிந்தது 1955-ல். அதற்காகக் கதையையே தூக்கிப் போட வேண்டாம், ஆண்டு மட்டும் பிசகியிருக்கலாம்.

ரெண்டாவது தடவை கேட்கும்போது புதிதாக வந்த வரிகளை வேறு மையில் எழுதுங்கள். இடையில் யாராவது ஆல்பத்தைத் திறந்தார்களா என்பதையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.