ஜெராக்ஸிலிருந்து ஓவியத் தாளுக்கு: அசிட்டோனால் படம் இறக்குவது எப்படி?

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் 1958–60இல் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘நரக’ காண்டத்துக்கு 34 படங்கள் செய்தார். பத்திரிகைப் படத்தை லைட்டர் திரவத்தில் நனைத்து, தாளில் கவிழ்த்து, மை தீர்ந்த பேனாவால் முதுகில் தேய்த்தார். தேய்த்த கோடுகள் அப்படியே படத்தில் தெரியும். அதே வேலையை இன்று ஜெராக்ஸ் தாளை வைத்துச் செய்யலாம்.

ஜெராக்ஸில் படத்தை உண்டாக்கும் டோனர் என்பது நிறமி கலந்த பிளாஸ்டிக் பொடி. மெஷினின் சூட்டில் உருகித் தாளில் ஒட்டுகிறது. அசிட்டோன் என்ற கரைப்பான் பட்டால் மறுபடி இளகும். அந்நேரம் அழுத்தினால் அடியிலுள்ள தாளுக்கு இடம் மாறும். இங்க்ஜெட் பிரிண்டில் டோனர் கிடையாது, அதனால் அது உதவாது. சந்தேகமிருந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள்: கறுப்பு பஞ்சில் ஏறினால் சரி.

தேவையானவை

ஏ5 அளவில் ஒரு ஜெராக்ஸ் (இருட்டும் வெளிச்சமும் நன்கு பிரிந்த படம்), 200–300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) வழவழப்பான பருத்தித் தாள், சுத்த அசிட்டோன் 30 மி.லி., பஞ்சு, எவர்சில்வர் ஸ்பூன், மாஸ்கிங் டேப், கண்ணாடிக் கிண்ணம். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும். எண்ணெயும் வாசனையும் சேர்த்த நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், தாளில் கறை விழும்.

அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, ஊதுபத்தி, சிகரெட் எதுவும் பக்கத்தில் கூடாது. ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். மெல்லிய நைட்ரைல் (செயற்கை ரப்பர்) கையுறை அசிட்டோனை அதிக நேரம் தாங்காது; நனைந்தால் உடனே மாற்றுங்கள்.

செய்முறை

1. படத்தில் எழுத்து இருந்தால், கம்ப்யூட்டரில் இடவலமாகத் திருப்பிப் பிரிண்ட் எடுத்த பிறகு அதை ஜெராக்ஸ் எடுங்கள்.

2. ஜெராக்ஸைப் பருத்தித் தாள்மேல் கவிழ்த்து, மேல் விளிம்பை மட்டும் டேப்பால் ஒட்டுங்கள். மற்ற மூன்று பக்கமும் தூக்கிப் பார்க்க வசதியாக இருக்கட்டும்.

3. பஞ்சை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். வேலையின் பாதி வெற்றி இந்தப் பிழிவில்தான். ஜெராக்ஸ் தாளின் முதுகில் தீப்பெட்டி அளவு இடத்தை மட்டும் ஒற்றுங்கள். படம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும். தெரிந்த உடனே ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சில நொடிகளில் காய்ந்துவிடும். ஃபேன் ஓடினால் அதற்குள்ளேயே காயும், நிறுத்திவிடுங்கள்.

4. ஈரம் இருக்கும்போதே மூலையைத் தூக்கிப் பாருங்கள். மங்கலாக இருந்தால் அதே இடத்தில் படியவிட்டு, மறுபடி ஒற்றித் தேயுங்கள். காய்ந்தபின் தூக்கினால் டோனர் இரண்டு தாளையும் சேர்த்து ஒட்டியிருக்கும், உரிக்கும்போது கிழியும்.

விளிம்புகள் கசிந்து சாம்பல் படலம் படர்ந்தால் அசிட்டோன் அதிகம். வெள்ளைத் திட்டுகள் விழுந்தால் அசிட்டோனோ அழுத்தமோ போதவில்லை. படம் இரண்டாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது. சொரசொரப்பான வாட்டர்கலர் தாளில் பள்ளங்களுக்கு டோனர் போய்ச் சேராது. எல்லாத் திட்டையும் நிரப்பப் பார்க்காதீர்கள். முழுக்கச் சீராக வந்த படம் இன்னொரு ஜெராக்ஸ் மாதிரிதான் இருக்கும். ஸ்பூனுக்குப் பதில் பேனா முனையால் ஒரு பக்கமாகக் கோடிட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அவசரம் பிடிக்காதவர்களுக்கு அசிட்டோனுக்குப் பதில் விண்டர்கிரீன் தைலம் இருக்கிறது. ஊட்டிக் கடைகளில் கிடைக்கும் அதே தைலம்தான். மெதுவாக ஆவியாவதால் நிதானமாகத் தேய்க்கலாம். தாள் காய ஒரு நாளாவது ஆகும், வீடெல்லாம் மூட்டுவலித் தைல வாசனை அடிக்கும். விழுங்கினால் கடும் விஷம். குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

ஒரு ஜெராக்ஸிலிருந்து ஒரு நல்ல படம்தான் வரும். இரண்டாம் முறை அழுத்தினால் மிஞ்சிய டோனரில் நிழல் மாதிரி ஒன்று விழும். அதன்மேல் வாட்டர்கலர் பூசலாம்: டோனர் தண்ணீரை ஏற்காது, நிறம் வெற்றிடங்களில் மட்டும் பிடிக்கும். நனைந்த பஞ்சைக் குப்பைக்கூடையில் திணிக்காமல், வெளியே விரித்துக் காயவிட்டபின் எறியுங்கள்.