மொட்டை மாடியில் ராட்சசப் படம் பார்க்கிறவர்கள் செய்யக்கூடாத தவறுகள்

ராயபுரத்தில் எங்கள் மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பழைய ராட்சசப் படம் போடுகிறோம். எட்டுப் பத்துப் பேர் வருவோம். புரொஜெக்டர் ஒருவருடையது, ஸ்பீக்கர் இன்னொருவருடையது, திரை எங்கள் வீட்டு எட்டு முழ வேட்டி. வியாசர்பாடியிலும் பெரம்பூரிலும் இதே மாதிரி தொடங்க நினைக்கிறவர்கள் விசாரிக்கிறார்கள். நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கலாய்ப்பதற்கென்றே வந்து உட்காருவது. ரப்பர் உடுப்பையும் பொம்மைக் கட்டடத்தையும் பார்த்தால் சிரிப்பு வரும், வரட்டும். ஆனால் முதல் நிமிஷத்திலிருந்தே வாயைத் திறந்து வைத்திருந்தால் கண் மூடிக்கொள்ளும். கடலிலிருந்து எழுந்து வரும் ராட்சசப் பிராணியைப் பற்றி 1954-இல் வந்த ஜப்பானியப் படம், முதல் காட்ஸில்லாவைப் போட்ட அன்று எங்களுக்கு அது உறைத்தது. படம் ஆரம்பித்த சற்று நேரத்தில் கப்பல் ஒன்று கடலில் காணாமல் போகும். மாலுமிகளின் வீட்டார் கம்பெனி ஆபீஸில் நெருக்கியடித்துக்கொண்டு, யாராவது பிழைத்தார்களா என்று கேட்பார்கள். எங்கள் பையன் ஒருவன் அதற்கும் ஒரு டயலாக் விட்டான். காசிமேட்டிலிருந்து லாஞ்சில் தொழிலுக்குப் போகிற அண்ணன் ஒருவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தார். "கொஞ்சம் சும்மா இருப்பா. புயல் நேரத்துல எங்க வூட்டுப் பொம்பளைங்க ஹார்பர்ல இப்படித்தான் நிப்பாங்க" என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை.

அந்தக் காட்சி வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. அதே ஆண்டு மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தபோது, சூரை மீன் பிடிக்கப் போன ஜப்பானியப் படகொன்றின் மேல் கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். ஒருவர் செப்டம்பரில் இறந்துபோனார். நவம்பரில் படம் வெளியானது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா அந்தப் பயத்துக்குத்தான் உருவம் கொடுத்தார். காட்ஸில்லாவாக சுமார் 100 கிலோ உடுப்பை மாட்டிக்கொண்டு, விளக்குச் சூட்டில் வெந்துகொண்டே நடந்த ஹருவோ நகாஜிமாவின் உழைப்பும், இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.

அடுத்தது, கையில் கிடைத்த பிரதியைப் போடுவது. 1956-இல் அமெரிக்காவில் ஓடிய காட்ஸில்லா, வெட்டி ஒட்டிய படம்; நடுவே ஓர் அமெரிக்க நிருபரைப் புதிதாக நுழைத்து, அணுகுண்டுப் பேச்சைக் குறைத்திருப்பார்கள். ஜப்பானிய மூலத்தையே தேடி எடுங்கள். சப்டைட்டில் வேகமாக ஓடும்; படிக்கத் தெரிந்த ஒருவர் மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே போனால் பாட்டிகள்கூட எழுந்திருக்க மாட்டார்கள். திரையை உயர்த்திக் கட்டுங்கள், இல்லையென்றால் முன்வரிசைத் தலைகள் எழுத்தை மறைக்கும். வேட்டியின் கீழ் முனைகளில் செங்கல்லைக் கட்டுங்கள், கடற்காற்று சும்மா விடாது.

மழைக்காலத்தில் கீழே இறங்கி வீட்டு டிவியில் பார்ப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. புது டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி இருக்கும். அதை நிறுத்துங்கள். 1933-இல் வந்த கிங் காங்கில் ராட்சசக் குரங்கு பொம்மையைத் துளித்துளியாக நகர்த்தி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு ஃபிரேம் எடுத்தார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். டிவி நடுவே தானாகப் படங்களைச் செருகினால் அந்த நடை செத்துவிடும். காங்கின் ரோமத்தை உற்றுப் பாருங்கள், காற்றே இல்லாதபோதும் அது அலைந்துகொண்டிருக்கும். பொம்மையை நகர்த்தியவர்களின் விரல் பட்டுப் பட்டுக் கலைந்த ரோமம் அது. 90 வருஷம் கழித்தும் அந்த விரல்களின் தடம் தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும். சதுரத்துக்குக் கிட்டே இருக்கும் பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பவும் வேண்டாம். இரண்டு ஓரமும் கறுப்பாகவே இருக்கட்டும்.

விடிய விடிய நாலு படம் என்று திட்டம் போடாதீர்கள். பி படம் என்ற பெயரே, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில் பெரிய படத்தோடு சேர்த்து ஓட்டிய சின்னப் படத்துக்கு வந்ததுதான். பல படங்கள் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு போதும், நடுவே பர்மா நூடுல்ஸான அத்தோ வாங்கி வந்து சாப்பிட நேரம் விடுங்கள். பேச்சு முழுவதும் அந்த இடைவேளையில்தான் இருக்கிறது. எல்லாம் தெரிந்தவர் படம் ஓடும்போது அடுத்த காட்சியைச் சொல்வதும் அப்போது தானாக நின்றுவிடும்.

ராட்சசப் படம் என்றால் வெளிநாடு என்று நினைத்துக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிற தவறு. 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' அசல் பி படம். நம் ஊர் யானைகளுக்கு ரோமம் போர்த்தி, அழிந்துபோன ரோம யானையான மாமூத் ஆக்கியிருப்பார்கள். 1978-இல் விட்டலாச்சார்யா எடுத்த 'ஜகன்மோகினி'யில் பேய் தன் காலையே அடுப்புக்குள் விறகாக வைக்கும். அதைத் தியேட்டரில் பார்த்த அத்தைகளும், மினர்வா தியேட்டரில் இங்கிலீஷ் படம் பார்த்து வளர்ந்த பெரியவர்களும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிடுங்கள்.

நிறையப் படம் பார்த்தவர்தான் பேச வேண்டும் என்று எண்ணுவதும் தப்பு. காட்ஸில்லா முடிந்ததும் காசிமேட்டு அண்ணன் சொன்னார்: "அது கடல் அலை இல்ல. நொர பெருசு பெருசா இருக்கு பாரு. தொட்டித் தண்ணி." அத்தனை வருஷமாகப் பார்த்தும் எங்கள் கண்ணில் அது படவில்லை. வீட்டையும் கப்பலையும் சின்னதாகச் செய்துவிடலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க முடியாது. அதனால்தான் காமிராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, பிறகு வழக்கமான வேகத்தில் போட்டு, அலை மெதுவாகவும் கனமாகவும் விழுகிற மாதிரி காட்டுவார்கள். அப்படியும் நுரை காட்டிக்கொடுத்துவிடும்.

அவர் கேட்டபடி அடுத்த சனிக்கிழமை 1954-இல் வந்த 'கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்' போடுகிறோம். அதில் தண்ணீருக்கடியில் ராட்சசனாக நீந்துகிற ரிகோ பிரவுனிங்குக்கு உடுப்புக்குள் ஆக்சிஜன் உருளை கிடையாது, மூச்சடக்கியேதான் நீந்தினார் என்று சொன்னோம். எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று அண்ணனே எண்ணிப் பார்க்கப் போகிறாராம்.